மலேரியா இல்லாத நாட்டில் ஒரு துளிக் குருதி

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் செய்த வேலையைப் பற்றியே பேசுங்கோ" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வைத்தியரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் பின்னால் இருந்து, கண்ணாடித் தகட்டில் பூசிய குருதியைப் பார்த்துப் பார்த்தே என் உத்தியோக காலம் கழிந்தது. ஆனால் அந்த நுணுக்குக்காட்டியை நான் முதன்முதலாகக் கண்டது இந்தக் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில்தான். ஒரு கருவிக்குப் பத்துப் பேர். வெங்காயத் தோலைப் பார்க்க வரிசையில் நின்றோம். "பார்த்ததைச் சொல்லாதே, பார்த்ததைக் கீறு" என்று ரீச்சர் சொல்லுவார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நான் வேலை செய்தேன். ஆகவே இந்த மேடையில் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று எண்ணி வந்தேன்.

நான் பேச வந்தது மலேரியாவைப் பற்றி. இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "அதுதான் இல்லாமல் போய்விட்டதே" என்று நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்த நினைப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் அம்மம்மா தம்பலகாமத்துப் பெண். அவர் பெற்ற பிள்ளைகளில் இருவர் நடுக்கக் காய்ச்சலில் இறந்தவர்கள். அவர் அதை ஒரு விசேடமான துயரமாகச் சொன்னதில்லை. மாரி வந்தால் வெள்ளம், மாரி முடிந்தால் காய்ச்சல், இரண்டும் வரும் போகும் என்பது போலவே சொல்வார். வயிறு வீங்கிய பிள்ளைகளைக் காட்டி "கட்டிக் காய்ச்சல்" என்பார். அது மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் என்று நான் பிற்காலத்தில் படித்தேன். உலர் வலயத்துக் கிராமங்களுக்கு அது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது ஈர வலயத்திலும் கொள்ளை நோயாகப் பரவி, நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆறு வற்றினால் நோய் ஏன் பெருகும் என்று கேட்கலாம். எங்கள் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். அது சாக்கடையில் முட்டையிடுவதில்லை. ஓட்டம் நின்ற ஆற்றுப்படுக்கையில், வெயில் படும் தெளிந்த நீர்க் குட்டைகளிலேதான் முட்டையிடும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கினார்கள். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் எத்தனை பேர் தெரியுமா? 17 பேர். ஒரு வகுப்பின் பாதி. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணினோம். தெளிப்பு நின்றது, குருதி எடுப்பது குறைந்தது, கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயாளர் ஆனார்கள். ஆறே ஆண்டுகள். பிள்ளைகளே, நீங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்து சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும் காலம்தான் அது. இந்த இரண்டு எண்களையும் மறக்க வேண்டாம்: 17, ஐந்து இலட்சம்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் போராட்டம். 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வடக்குக் கிழக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலும் இந்த வேலை நிற்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். மருந்து தோய்த்த நுளம்பு வலைகள் வந்தன. மலேரியா தடை இயக்கத்தின் நடமாடும் குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்று குருதி எடுத்தன. யுத்தம் முடிந்த பின் ரெட்ஹா என்ற தொண்டு நிறுவனமும் உலக நிதியத்தின் உதவியோடு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார் மாவட்டங்களில் பரிசோதனை நிலையங்களை நடத்தியது. 2012 ஒக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அன்று நான் அம்மம்மாவின் படத்துக்கு ஒரு விளக்கு ஏற்றினேன்.

இனி என்னைப் பற்றிய ஒரு செய்தி. அது பெருமைக்குரியது அல்ல.

மலேரியாவைக் கண்டுபிடிக்கும் பழைய முறை இது. விரல் நுனியில் குத்தி ஒரு துளி குருதி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சு ஒன்றும் மெல்லிய பூச்சு ஒன்றும் இடுவோம். கீம்சா சாயத்தில் ஊறவைத்துக் கழுவி, எண்ணெய்த் துளி விட்டு, ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்ப்போம். செந்நிறப் புள்ளியும் நீல வளையமும் சேர்ந்த சின்ன மோதிரம் போல ஒட்டுண்ணி தெரியும். தடித்த பூச்சில் குறைந்தது நூறு பார்வைப்புலங்களைப் பார்த்த பிறகே "இல்லை" என்று எழுத வேண்டும். அது சட்டம்.

வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகள். ஒரு மாரிக்குப் பின்னான தை மாதம். தகடுகள் குவிந்து கிடக்கின்றன, மின்சாரம் இல்லை. யன்னலோரம் வைத்து, கண்ணாடியைத் திருப்பிச் சூரிய ஒளியில் பார்க்கிறேன். முகில் வந்தால் நிறுத்த வேண்டும். பின்னேரம் நெருங்குகிறது. ஒரு பிள்ளையின் தகட்டில் நாற்பது, ஐம்பது புலங்கள் பார்த்தேன். ஒன்றுமில்லை. "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன். சில நாட்களின் பின் மறுபரிசோதனையில் மேற்பார்வையாளர் அதே தகட்டில் ஒட்டுண்ணியைக் கண்டார். பிள்ளைக்கு மருந்து நான்கு நாள் தாமதித்துப் போனது. கடவுள் கிருபை, பிள்ளை பிழைத்தது. மேற்பார்வையாளர் என்னை ஏசவில்லை. தகட்டை வைத்து, "நூறு வரை எண்ணுங்கோ" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்ததைக் கீறவில்லை, பார்க்காததை எழுதினேன். இன்றுவரை அந்தத் தகட்டின் இலக்கம் எனக்கு நினைவிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நூறு புலங்களையும் ஒழுங்காகப் பார்த்தாலும் நாம் பார்ப்பது ஒரு மைக்ரோலீற்றர் குருதியின் ஏறக்குறைய கால் பங்கைத்தான். ஆகவே ஒரு மைக்ரோலீற்றரில் ஐம்பது, நூறு ஒட்டுண்ணிகள் இருந்தால்தான் சாதாரண ஆய்வுகூடத்தில் நம்பிக்கையோடு பிடிபடும். பின்னர் வந்த துரிதப் பரிசோதனைப் பட்டைகளும் ஏறத்தாழ நூறு, இருநூறு என்ற அளவில்தான் பிடிக்கும். காய்ச்சலோடு வருபவருக்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் மலேரியா நிறைந்த நாட்டில் பலமுறை நோய் கண்டு, உடலில் ஓரளவு எதிர்ப்பு வளர்ந்த ஒருவர் காய்ச்சலே இல்லாமல் சில ஒட்டுண்ணிகளைச் சுமந்து திரியலாம். அவரை நாங்கள் தவறவிடலாம், நுளம்பு தவறவிடாது.

இங்கேதான் மூலக்கூற்றுப் பரிசோதனை வருகிறது. கொரோனாக் காலத்தில் பீ.சி.ஆர். என்ற சொல் எங்கள் சந்தையிலும் சலூனிலும்கூடப் பழகிவிட்டது. ஒட்டுண்ணியின் உருவத்தைத் தேடாமல் அதன் டீ.என்.ஏ.யைத் தேடுவதுதான் அது. ஒரு சிறு துண்டை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகிவிடும். அரிச்சுவடியில் படித்த பெருக்கல்தான். ஒவ்வொரு முறையும் 94 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண நொதியம் அவிந்து போகும். அவியாத நொதியம் எங்கே கிடைத்தது? வெந்நீரூற்றில்! அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து. 1966இல் அதைத் தனித்தெடுத்த வேலையில் பேராசிரியர் தோமஸ் புரொக்கோடு பங்குபற்றிய ஹட்சன் ஃபிறீஸ் அப்போது பட்டதாரி கூட ஆகாத மாணவர். நாங்கள் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்துவிட்டு வருகிறோம். அந்த நீரைப் பார்த்து, இதற்குள் என்ன வாழ்கிறது என்று கேட்கும் ஒரு பிள்ளை இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

1993இல் ஸ்னூனூ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் மனிதருக்கு வரும் நான்கு வகை மலேரியாவையும் பிரித்தறியும் பீ.சி.ஆர். முறையை வெளியிட்டார்கள். ஒரு மைக்ரோலீற்றரில் ஓரிரு ஒட்டுண்ணி இருந்தாலும் அது காட்டும். வகையையும் சரியாகச் சொல்லும். 2004இல் மலேசியாவின் சரவாக்கில் நிகழ்ந்ததைப் பாருங்கள். நுணுக்குக்காட்டியில் "மலேரியே" வகை என்று பலகாலம் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை என்று பீ.சி.ஆர். காட்டியது. மலேரியே மெதுவான நோய், நோலெசி ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரக் கண்ணும் அங்கே தோற்கும்.

"அப்படியென்றால் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு பீ.சி.ஆர். இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் முடிந்ததே" என்று நல்ல மனம் கொண்டவர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தோழியரும் கேட்டார்கள். வளம் குறைந்த இடத்தில் குறைவது இயந்திரம் மட்டும் அல்ல. அதற்கான இரசாயனங்கள் உறைநிலைக்குக் கீழே இருபது பாகையில் இருக்க வேண்டும். மின்சாரம் ஓர் இரவு நின்றால் ஆயிரக்கணக்கான ரூபா மருந்து பழுதாகும். பெருக்கிய டீ.என்.ஏ.யின் ஒரு தூசி அடுத்த குழாயில் விழுந்தால் நோயில்லாதவருக்கும் நோய் என்று வரும். ஆகவே தயாரிக்க ஓர் அறை, பெருக்க வேறோர் அறை வேண்டும். இயந்திரம் பழுதானால் திருத்துபவர் கொழும்பிலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்துக்கு ஒரு மாதிரிகூட வராத இடத்தில் செய்பவரின் கை பழகாது. பழகாத கையில் இருக்கும் நுட்பமான பரிசோதனை, பழகிய கையில் இருக்கும் சாதாரண பரிசோதனையைவிட மோசமானது.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று வடிதாள். நாங்கள் இரசாயனவியல் பாடத்தில் பாவித்தது போன்ற தாளில் ஒரு துளி குருதியை இட்டு, நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத உறையில் வைத்தால் போதும். ஐஸ் பெட்டி வேண்டாம். தபாலில் போட்டாலும் டீ.என்.ஏ. கெடாமல் போய்ச் சேரும். நாங்கள் ஆய்வுகூடத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, கிராமத்தின் ஒரு துளியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் போதும். மற்றது லாம்ப் என்ற முறை. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்டது. சூடாக்கி ஆற்றும் விளையாட்டு இதில் இல்லை. அறுபது, அறுபத்தைந்து பாகையில் ஒரே சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தால் போதும். குழாயில் உள்ள திரவம் கலங்கினால் நோய் உண்டு, தெளிந்திருந்தால் இல்லை. உணர்திறன் ஏறத்தாழ பீ.சி.ஆர். அளவுக்கு வரும். விலையும் பயிற்சியும் இன்னும் தடைதான், ஆனால் ஒரு மாவட்ட ஆய்வுகூடத்துக்கு எட்டாத தடை அல்ல.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு கட்டிலில் கிடப்பவருக்கு பீ.சி.ஆர். முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பல்சிபாரம் வகை ஒரு நாளுக்குள் மூளையைத் தாக்கலாம். அன்றைக்கே, அந்த மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்வது கண்ணாடித் தகடும் துரிதப் பட்டையும்தான். துரிதப் பட்டை "இல்லை" என்றாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. அது தேடும் புரதத்தின் மரபணுவையே இழந்த பல்சிபாரம் ஒட்டுண்ணிகள் 2010இல் பேரு நாட்டில் அறியப்பட்டன, பிறகு ஆபிரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆகவே பட்டையோடு தகடும் வேண்டும். பீ.சி.ஆர்.இன் இடம் வேறு: வகையை உறுதிசெய்ய, காய்ச்சல் இல்லாமல் சுமப்பவரைத் தேட, இந்த ஒட்டுண்ணி எந்த ஊரிலிருந்து வந்தது என்று குடும்ப மரம் பார்க்க.

அந்தக் கடைசித் தேவை வெறும் ஆராய்ச்சி அல்ல. 2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு வைவக்ஸ் மலேரியா கண்டது. அவர் வெளிநாடு போனவர் அல்ல. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் குருதியிலிருந்து உள்ளூர் நுளம்பு கொண்டுவந்து கொடுத்தது. சான்றிதழ் கிடைத்த பின் இப்படித் தொற்றிய முதல் நோயாளி அவர்தான். உடனே பிடித்தார்கள், அணைத்தார்கள். பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1963ஆம் ஆண்டைக் கேளுங்கள்.

திருகோணமலைக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாங்கள் துறைமுகத்து மக்கள். உட்துறைமுகத்தில் நங்கூரமிடும் கப்பலின் மாலுமி போன வாரம் எந்த நாட்டில் இரவைக் கழித்தார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளும் கப்பலில் போகிறார்கள், ஆபிரிக்காவில் வேலைக்குப் போகிறார்கள், இந்தியாவுக்கு யாத்திரை போகிறார்கள். துறைமுக வசதிகளைச் சுற்றிக் குறைந்தது 400 மீற்றர் தூரத்துக்கு நுளம்பு முதலிய நோய்காவிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. இன்னொரு புதிய வரவும் உண்டு. 2016இன் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும். இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். இது ஆற்றுக்குப் போகாது. வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். எங்கள் பட்டினத்தில் கிணறு இல்லாத வளவு எத்தனை? நோயைக் கொண்டுவரும் ஆளும், அதைப் பரப்பும் நுளம்பும் ஒரே வளவில் சந்தித்தால் அம்மம்மாவின் காலம் திரும்பி வரும்.

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன் கேள்விப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் வைத்தியசாலையையும் சொல்லமாட்டேன். ஆபிரிக்கக் கரையோரத்தில் கப்பல் வேலை செய்துவிட்டு வந்த ஓர் இளைஞன். காய்ச்சல். குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்தன, ஆகவே டெங்கு என்று ஐந்து நாட்கள் வைத்துப் பார்த்தார்கள். மலேரியாவிலும் சிறுதட்டுகள் குறையும். ஐந்தாம் நாள் இரவு, ஒரு தாதி அவனுடைய தாயிடம் பேச்சுவாக்கில், "தம்பி எங்கேயும் போய் வந்தவரோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் தகடு பூசினார்கள். பல்சிபாரம். பிழைத்தான், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்த்தான் பிழைத்தான். அந்த வைத்தியசாலையில் எல்லாக் கருவியும் இருந்தது. கேள்வி மட்டும்தான் ஐந்து நாள் தாமதித்தது. அங்கே இருந்த இளம் வைத்தியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் படித்த காலத்தில் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். நோயை ஒழித்த நாட்டின் ஏழ்மை அதுதான்: அந்த நோயை அறிந்த கண்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறுகின்றன.

எனவே தோழியரிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் மலேரியா உள்ள நாட்டுக்குப் போவதானால், போவதற்கு முன் பிராந்திய மலேரியா தடை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தடுப்பு மருந்து இலவசமாகவே கிடைக்கும். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். வைவக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும்பும். அதற்கான பிரைமாகுயின் குளிசையைப் பதினான்கு நாள் தந்தால் பதினான்கு நாளும் எடுக்க வேண்டும், சுகமாகிவிட்டது என்று நாலாம் நாள் நிறுத்தக் கூடாது. மூன்றாவது, கிணற்றுக்கு வலை போடுங்கள், தாங்கிக்கு மூடி போடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவதாக அறிந்தேன். பெரிய இயந்திரம் வேண்டாம். நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவற்றை வாங்குங்கள், இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில். கிழமைக்கு ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு இருந்து பார்க்க நான் தயார். என்னிடம் பழைய, சாயமேற்றிய பயிற்சித் தகடுகள் சில இருக்கின்றன. அந்த நீல மோதிரத்தை இந்தத் திருகோணமலையில் அடையாளம் காணக்கூடிய கண்கள் எனக்குப் பிறகும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி நாளை பீ.சி.ஆர். குழாயின் முன்னாலும் அமர்வாள். அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: நூறு வரை எண்ண வேண்டும்.